அழுகைக்கு முன்பே பேசிவிடும் குழந்தை: பிரசவத்துக்கு முன் பழகிக்கொள்ள ஒரு வழிகாட்டி

பசிக்கிறது என்று சொல்லப் பச்சிளம் குழந்தை எடுத்தவுடன் அழுவதில்லை. கண்ணைத் திறக்காமலே நெளியும். உதட்டைச் சப்பும். தலையை இப்படியும் அப்படியும் திருப்பி வாயால் எதையோ தேடும். மூடிய கையை வாய்க்குக் கொண்டுபோகும். இத்தனையும் செய்து யாரும் கவனிக்காத பிறகுதான் அழுகை வருகிறது. குழந்தை ஏன் அழுகிறது என்று குழம்புகிறவர்கள் விடையை அழுகைச் சத்தத்துக்குள் தேடுகிறார்கள். விடை பெரும்பாலும் அதற்கு முந்தைய சில நிமிடங்களில், குழந்தையின் கையிலும் கண்ணிலும் வாயிலும் இருந்திருக்கும்.

பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிப்போட்டால் நேரம் வாய்ப்பது கடினம். அப்போது உங்களுக்குத் தூக்கம் இருக்காது, உடம்பு வலிக்கும், ஆளுக்கொரு யோசனை சொல்ல நாலு பேர் சுற்றி இருப்பார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று ஏழாவது, எட்டாவது மாதத்திலேயே தெரிந்துவைத்தால் அந்த நேரத்தில் கண் தானாக அங்கே போகும்.

வயிற்றில் இருக்கும்போதே

கவனிக்கும் பழக்கத்தை அசைவிலிருந்தே தொடங்கலாம். 28 வாரத்துக்குப் பிறகு ஒரு வாரம் குறித்துவையுங்கள்: எந்த நேரத்தில் துள்ளல் அதிகம், நடக்கும்போது அடங்குகிறதா, படுத்தவுடன் தொடங்குகிறதா. வயிற்றுக்குள் குழந்தை தூங்கும் நேரம் பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடம். 90 நிமிடத்தைத் தாண்டுவது அரிது. வழக்கமான அசைவு குறைந்துவிட்டது போலத் தோன்றினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அப்போதே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். உங்கள் குழந்தையிடமிருந்து வரும் முதல் அவசரச் செய்தி அதுவாகவும் இருக்கலாம்.

கடைசி மூன்று மாதத்தில் குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள், வேறொரு பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலைக் கேட்பதற்காகத் தங்கள் சப்பும் வேகத்தை மாற்றிக்கொண்டதை டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரு ஆய்வாளர்கள் 1980-இல் காட்டினார்கள். ஆகவே தினமும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டையோ நாலு வரிகளையோ சாதாரணக் குரலில் சொல்லிப் பழகுங்கள். வயிற்றின்மேல் ஹெட்ஃபோன் வைப்பது வீண் வேலை. உங்கள் குரல் உடம்பு வழியாகவே உள்ளே போய்ச் சேர்ந்துவிடும். பிறந்த பிறகு, குழந்தை சிணுங்கத் தொடங்கும் கட்டத்தில் இந்தப் பழகிய வரிகள் கைகொடுக்கும். உச்சக்கட்ட அழுகையில் எதுவும் காதில் ஏறாது, அப்போது இதை எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொரு பயிற்சியும் உண்டு. பிறந்து ஒரு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளின் வீடியோக்களைச் சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பத்து நொடிக்கும் நிறுத்தி, கை மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா, கண் எங்கே பார்க்கிறது, வாய் என்ன செய்கிறது, புருவம் சுருங்கியிருக்கிறதா என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகுதான் “என்ன கேட்கிறது” என்ற ஊகம். இந்த வரிசை முக்கியம். ஊகத்தை முதலில் சொல்லிவிட்டால் அதற்குத் தோதானவை மட்டுமே கண்ணில் படும். பிரசவத்துக்குப் பிறகு வீட்டில் யார் உங்களோடு இருக்கப்போகிறாரோ, கணவரோ அம்மாவோ, அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள். இருவரும் ஒரே சொற்களில் பேசப் பழகினால் இரவு இரண்டு மணிக்கு நடக்கும் வாக்குவாதங்களில் பாதி குறையும்.

முதலில் நிலை, பிறகுதான் செய்தி

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன் 1973-இல் வெளியிட்ட பச்சிளம் குழந்தை மதிப்பீட்டு முறை, குழந்தையின் விழிப்பையும் தூக்கத்தையும் ஆறு நிலைகளாகப் பார்க்கிறது: ஆழ்ந்த தூக்கம், அசைவுள்ள தூக்கம், அரைத்தூக்கம், அமைதியான விழிப்பு, பரபரப்பான விழிப்பு, அழுகை. ஒரே கையசைவுக்கு ஒரு நிலையில் ஒரு பொருள், இன்னொரு நிலையில் வேறு பொருள். எனவே குழந்தை எதைச் செய்தாலும், அது எந்த நிலையில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி.

அதிகம் ஏமாற்றுவது அசைவுள்ள தூக்கம்தான். பச்சிளம் குழந்தை நாளுக்குச் சுமார் 14 முதல் 17 மணி நேரம் தூங்குகிறது. அதில் கிட்டத்தட்டப் பாதி இந்த நிலையில் கழிகிறது. மூடிய இமைக்குள் கண் உருளும். மூச்சு ஒழுங்கில்லாமல் வேகமாகும், சில நொடி நிற்பதுபோல் இருக்கும், மறுபடி வரும். முனகும், முகம் சுளிக்கும், சிரிக்கும், ஒரு சின்ன அழுகைகூட வெளிப்படும், ஆனால் குழந்தை எழவில்லை. பதறிப்போய்த் தூக்கினால் நாமே எழுப்பிவிட்டவர்கள் ஆவோம். அரைகுறையாக எழுந்த குழந்தை சரியாகப் பாலும் குடிக்காது, திரும்பவும் தூங்காது. சத்தம் கேட்டதும் கையை நீட்டாமல் பக்கத்தில் நின்று ஒன்றிலிருந்து முப்பது வரை எண்ணுங்கள். கண் மூடியே இருந்து சத்தம் அடங்கினால் விட்டுவிடுங்கள். கண் திறந்து வாய் தேடத் தொடங்கினால் தூக்குங்கள். நின்றதுபோன்ற மூச்சு 20 நொடிக்கு மேல் திரும்பாவிட்டாலோ, உதடு நீலமானாலோ அது இந்தக் கணக்கில் சேராது. உடனடி அவசரச் சிகிச்சை தேவை.

ஆழ்ந்த தூக்கத்தில் மூச்சு சீராக இருக்கும், முகம் அசையாது. கையை மெல்லத் தூக்கிவிட்டால் துணிபோல் தொப்பென்று விழும். கையிலிருந்து படுக்கைக்கு மாற்ற இதுவே சரியான தருணம். பெரியவர்களைப் போலல்லாமல் பச்சிளம் குழந்தை அசைவுள்ள தூக்கத்தின் வழியாகவே தூக்கத்துக்குள் நுழைகிறது. அதனால்தான் கண் மூடியவுடன் படுக்கவைத்தால் சட்டென்று விழித்துக்கொள்கிறது. 2022-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அளந்து சொன்ன முறை ஒன்று உண்டு: அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் ஒரே சீராக நடக்க வேண்டும், தூங்கியதும் மடியிலேயே வைத்துக்கொண்டு ஐந்து முதல் எட்டு நிமிடம் உட்கார வேண்டும், பிறகு படுக்கவைக்க வேண்டும். பலரும் தவறவிடுவது அந்த உட்காரும் நிமிடங்களைத்தான். படுக்கவைப்பது எப்போதும் மல்லாக்க, கெட்டியான சமதளத்தில், தலையணையோ பொம்மையோ தளர்ந்த துணியோ இல்லாமல்.

அமைதியான விழிப்பு முதல் வாரங்களில் ஒரு தடவைக்குச் சில நிமிடங்களே நீடிக்கும். கண் பளிச்சென்று இருக்கும், உடம்பு அசையாது, மூச்சு சீராக இருக்கும். பேச, முகம் காட்ட, பாட இதுதான் நேரம். பச்சிளம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தூரம் 20 முதல் 30 சென்டிமீட்டர். பால் கொடுக்கும்போது மார்பிலிருந்து உங்கள் முகம் இருக்கும் தூரமும் ஏறத்தாழ அதுவே. அறையின் மறுகோடியில் நின்று கையாட்டினால் குழந்தைக்கு அது மங்கலான ஓர் அசைவு மட்டுமே.

அரைத்தூக்கமும் பரபரப்பான விழிப்பும் திருப்புமுனைகள். கண் பாதி மூடி வெறித்துப் பார்க்கும் அரைத்தூக்கக் குழந்தையைச் சும்மா விட்டால் தூங்கிவிடும், பேச்சுக் கொடுத்தால் விழித்துவிடும். பரபரப்பில் கைகால் உதைத்து, முகம் சுருங்கி, சின்னச் சத்தங்கள் வரும். இந்தக் கட்டத்தில் சரியானதைச் செய்தால் அழுகை வராமலே போகும்.

பசி: மூன்று படி

முதல் படியில் நெளிவு, வாய் திறந்து மூடுதல், நாக்கை நீட்டுதல், தலையைத் திருப்பித் தேடுதல். இரண்டாம் படியில் உடம்பை முறுக்கி நீட்டும், அசைவு கூடும், கை வாய்க்குப் போகும், முஷ்டி இறுகி முகவாய்க்கருகே இருக்கும். மூன்றாவது அழுகை, சிவந்த முகம், தலையை உதறுதல். முதல் இரண்டு படியில் மார்பில் விட்டால் குழந்தை வாயை அகலத் திறந்து எளிதாகப் பிடிக்கும். மூன்றாவதில் நாக்கு மேலே சுருண்டிருக்கும், உடம்பு விறைத்திருக்கும், பிடிக்காது. “என் குழந்தைக்கு என் பால் பிடிக்கவில்லை” என்ற வருத்தம் பல நேரம் இங்கேதான் பிறக்கிறது. இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் மார்பை வாயில் திணிக்காதீர்கள். வெற்று மார்போடு நிமிர்த்தி அணைத்து, முதுகைத் தடவி, அழுகை சிணுங்கலாக இறங்கிய பிறகு முயலுங்கள்.

தலையின் பின்பக்கத்தைப் பிடித்து மார்பை நோக்கித் தள்ளுவது உதவ வருகிறவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. குழந்தை அனிச்சையாகத் தலையைப் பின்னால் தள்ளும். அதைப் பார்த்து “வேண்டாம் என்கிறது” என்பார்கள். கழுத்தையும் தோளையும் தாங்குங்கள், தலை பின்னோக்கிச் சாய இடம் இருக்கட்டும், முகவாய் முதலில் மார்பில் படட்டும்.

பசியின் முதல் செய்தியை வாசிக்கும் வாய்ப்பு பிறந்த முதல் மணி நேரத்திலேயே கிடைக்கும். நலமாகப் பிறந்த குழந்தையை உலர்த்தித் தாயின் வெற்று மார்பில் கிடத்தினால் சிறிது அழுது, அடங்கி, கண் திறந்து, வாயும் கையும் அசைத்து, இடையிடையே ஓய்வெடுத்து, மெல்ல ஊர்ந்து, நக்கிப் பார்த்து, தானாகவே பால் குடிக்கும். இடையில் வரும் ஓய்வைப் பார்த்து “முயற்சியை விட்டுவிட்டது” என்று எடுத்துவிடக் கூடாது. சிசேரியன் என்றாலும் தாயும் சேயும் நலமாக இருந்தால் பல இடங்களில் இதற்கு வழி செய்கிறார்கள். எட்டாவது, ஒன்பதாவது மாதப் பரிசோதனையிலேயே கேட்டுவையுங்கள்.

நாளுக்கு 8 முதல் 12 முறை பால் குடிப்பது இயல்பு. இவை சம இடைவெளியில் வருவதில்லை. சாயங்காலம் மூன்று மணி நேரத்தில் நாலைந்து முறை கேட்டுவிட்டுப் பிறகு நீளமாகத் தூங்கும் குழந்தைகள் ஏராளம். குறிப்பாக இரண்டாம் இரவில் விடாமல் கேட்கும், பால் போதவில்லை என்று வீடே முடிவு கட்டிவிடும். முதல் 24 மணி நேரத்தில் ஒரு தடவைக்குக் குழந்தை குடிக்கும் சீம்பால் 2 முதல் 10 மில்லிலிட்டர்தான். நாலாம் நாளில் அது 30 முதல் 60 மில்லிலிட்டர் ஆகிறது. அடிக்கடி குடிப்பதே அந்தப் பெருக்கத்தை வரவழைக்கிறது.

போதும் என்பதையும் குழந்தை சொல்லும். இறுகிய முஷ்டி விரிந்து விரல்கள் தளரும், கை தொங்கும், சப்புவது மெதுவாகி வாய் தானே விடும். ஆனால் மார்பில் வைத்து இரண்டு மூன்று நிமிடத்திலேயே கண் மூடிவிட்டு, முஷ்டி இன்னும் இறுக்கமாகவே இருந்தால் அது நிறைவு கிடையாது, அசதி. மார்பை மெல்ல அழுத்திப் பால் வரவையுங்கள், அல்லது டயபரை மாற்றி எழுப்பி மறுபக்கம் கொடுங்கள்.

புட்டியில் கொடுப்பவர்களுக்கு இந்த வாசிப்பு இன்னும் அவசியம், ஏனென்றால் புட்டியில் பால் தானாக வழியும், வேண்டாவிட்டாலும் குழந்தை விழுங்கியாக வேண்டும். குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, புட்டியை ஏறத்தாழக் கிடைமட்டமாக வையுங்கள். உதட்டைத் தொட்டு, வாய் திறந்த பிறகே காம்பைக் கொடுங்கள். சில மிடறுக்கு ஒருமுறை புட்டியின் அடியைத் தாழ்த்தி இடைவெளி விடுங்கள். விரல்களை விரிப்பது, புருவம் உயர்வது, வாயோரம் பால் வழிவது, தலையைத் திருப்புவது எல்லாமே “கொஞ்சம் நிறுத்து” என்பதுதான். புட்டியில் மிச்சம் இருக்கிறதே என்று முடிக்கவைக்க வேண்டாம்.

கையுறையும் இறுக்கிச் சுற்றிய துணியும் ஒருவகையில் குழந்தையின் வாயைக் கட்டுவது போலத்தான். பசியின் பாதி செய்தி கையில் இருக்கிறது. கையை மூடிவிட்டால் அழுகை மட்டுமே மிஞ்சும். நகக்கீறலுக்குப் பயந்தால் நகத்தைத் தேய்த்துவிடுங்கள். துணி சுற்றினாலும் இடுப்பும் காலும் தாராளமாக மடங்கி விரிய இடம் விடுங்கள், புரளும் முயற்சி தெரிந்த அன்றே நிறுத்துங்கள். சூப்பான் வாயில் இருந்தாலும் இதே கதை. பால் நன்றாகப் பிடிபடும்வரை, அதாவது முதல் சில வாரங்கள், அதைத் தள்ளிவைப்பது நல்லது.

“போதும், விடு”

இந்தச் செய்தியைத்தான் பெரியவர்கள் மிகவும் தவறாக வாசிக்கிறார்கள். பார்க்க வந்தவர் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்க் கொஞ்சுகிறார். குழந்தை பார்வையைத் திருப்புகிறது. அவர் அந்தப் பக்கம் போய் மறுபடி முகத்தைக் காட்டுகிறார். குழந்தை கொட்டாவி விடுகிறது, தும்முகிறது, விக்கல் எடுக்கிறது, விரல்களை விசிறிபோல் விரித்து உள்ளங்கையைக் காட்டுகிறது, முதுகை வில்லாக வளைக்கிறது. பிறகு அழுகிறது. பார்வையைத் திருப்பியதுதான் முதல் வார்த்தை. சோர்ந்த நரம்பு மண்டலம் தன்னைச் சரிசெய்துகொள்ளக் கேட்கும் ஓய்வு அது.

தனியாக வரும் ஒரு தும்மல் வெறும் தும்மல்தான், மூக்கைச் சுத்தம் செய்கிறது. பால் குடித்த பிறகு வரும் விக்கலுக்கும் பொருள் தேட வேண்டாம். இப்படிப்பட்ட அறிகுறிகள் இரண்டு மூன்று அடுத்தடுத்து, பேச்சோ வெளிச்சமோ கூட்டமோ இருக்கும் நேரத்தில் வந்தால்தான் அதை “போதும்” என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது பேச்சை நிறுத்துங்கள், முகத்தை விலக்குங்கள், ஆட்டுவதையும் தட்டுவதையும் விடுங்கள். குழந்தையின் மார்பின்மேல் கையை அசையாமல் வைத்தபடி இருங்கள். குழந்தை தயாரானதும் பார்வை தானாகத் திரும்பி வரும். ஆட்டுவது, தட்டுவது, பாடுவது, கிலுகிலுப்பை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்வது இந்த நிலையில் எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பது போல.

தூக்கம் கேட்கும் குறிகளும் இதற்கு நெருங்கியவை: வெறித்த பார்வை, புருவத்தைச் சுற்றிய சிவப்பு, கொட்டாவி, வெட்டி வெட்டி இழுக்கும் கைகால். முதல் வாரங்களில் பால் குடிக்கும் நேரத்தையும் சேர்த்து 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் விழித்திருந்தாலே பல குழந்தைகள் களைத்துவிடும். கடைசியாக எப்போது எழுந்தது என்று தெரிந்தால் பாதிப் புதிர் தீர்ந்தது.

செய்தி இல்லாதவை

எல்லா அசைவுக்கும் பொருள் கற்பிப்பதும் ஒரு தவறுதான். தலை சற்றுச் சரிந்தாலோ திடீரென்று சத்தம் கேட்டாலோ இரு கையையும் விரித்துத் தூக்கிப் போடுவது பிறவி அனிச்சை. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மறையும். உங்கள் விரலை இறுகப் பற்றுவதும் அப்படியே (அதை ரசிக்கத் தடையில்லை). கன்னத்தில் துணி உரசினாலும் தலை திரும்பி வாய் திறக்கும். அதை மட்டும் வைத்துப் பசி என்று முடிவு கட்டாமல் கையையும் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

அழுகை வந்துவிட்டால்

அழுகைச் சத்தத்தை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம் என்று சொல்லும் முறைகளும் கைப்பேசிச் செயலிகளும் இருக்கின்றன. அவற்றை நம்பி உட்கார வேண்டாம். திடீரென்று உச்சத்தில் தொடங்கி, நீளமாக நீடித்து, மூச்சு அடைத்து நின்று மறுபடி வெடிக்கும் அழுகை வலியைக் காட்டுவதாக இருக்கலாம். அதற்கு மேல் சத்தம் சொல்வது “எவ்வளவு அவசரம்” என்பதைத்தான், “எது” என்பதை அல்ல. எந்த மொழி கேட்டு வளர்ந்தது என்பதுகூட அதில் ஒட்டியிருக்கிறது: 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்து சில நாளே ஆன பிரெஞ்சுக் குழந்தைகள் ஏறுமுக ராகத்திலும் ஜெர்மன் குழந்தைகள் இறங்குமுக ராகத்திலும் அதிகம் அழுதார்கள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள்.

1. கடைசியாகப் பால் குடித்து எவ்வளவு நேரமாயிற்று? கை, வாய் என்ன சொல்கின்றன? சந்தேகம் இருந்தால் பால் கொடுத்துப் பாருங்கள்.
2. எழுந்து எவ்வளவு நேரமாயிற்று? சற்று முன் கூட்டமோ சத்தமோ இருந்ததா?
3. கழுத்தின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் துணி அதிகம். கையும் காலும் சில்லென்று இருப்பதை மட்டும் வைத்துக் குளிர் என்று சொல்ல முடியாது. மார்பும் வயிறும் சில்லென்று இருந்தால்தான் குளிர்.
4. டயபர். பல குழந்தைகளுக்கு ஈரம் பொருட்டே இல்லை, ஆனால் தோல் சிவந்திருந்தால் எரியும்.
5. உடைகளை முழுக்கக் கழற்றி விரல், கால்விரல், பிறப்புறுப்பு வரை பாருங்கள். ஒரு தலைமுடியோ நூலோ சுற்றி இறுகியிருந்தால் அந்த இடம் வீங்கிச் சிவந்திருக்கும். அதற்கு உடனே மருத்துவ உதவி தேவை.

ஒன்றைச் செய்துவிட்டு ஐந்து நிமிடமாவது பதிலுக்குக் காத்திருங்கள். நிமிடத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டே போனால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

காலை வயிற்றோடு மடக்கி அழுவதைப் பார்த்ததும் “வாயு” என்று சொல்வது வழக்கம். எந்தக் காரணத்துக்காக உரக்க அழுதாலும் வயிற்றுத் தசை இறுகிக் கால் மேலே மடங்கும், காற்றையும் விழுங்கும். எனவே மடங்கிய காலை வைத்து வயிற்றுவலி என்று தீர்ப்பு எழுத முடியாது.

எல்லாம் பார்த்தும் நிற்காத அழுகை உண்டு. இரண்டாம் வாரத்திலிருந்து அழுகை நேரம் கூடிக்கொண்டே போய் ஆறாம் வாரத்தையொட்டி உச்சம் தொட்டு, மூன்று நான்கு மாதத்தில் தணிகிறது. பெரும்பாலும் சாயங்காலமும் முன்னிரவும்தான். பிரேசல்டன் 1962-இல் வெளியிட்ட பதிவுகளில், ஆறாம் வாரத்தில் நலமான குழந்தைகளே நாளுக்குச் சராசரியாக இரண்டே முக்கால் மணி நேரம் அழுதார்கள். இதைப் பிரசவத்துக்கு முன்பே அறிந்த தாய், ஐந்தாம் வாரத்தில் “என்னிடம்தான் கோளாறு” என்று நினைக்க மாட்டாள். அழுகை வராத நேரத்திலும் குழந்தையைத் தூக்கி வைத்திருப்பது பொதுவாக உதவுகிறது. 1986-இல் நடந்த ஒரு சோதனையில் கூடுதலாகச் சுமக்கப்பட்ட குழந்தைகள் ஆறாம் வாரத்தில் 43 சதவீதம் குறைவாக அழுதார்கள். அழுகை ஏற்கெனவே மிகுந்துவிட்ட குழந்தைகளிடம் அதே பலன் கிடைக்கவில்லை, ஆகவே முன்கூட்டியே தூக்கிப் பழகுவது மேல். தூக்கித் தூக்கிக் கெட்டுப்போகும் வயது இதுவன்று.

உங்களுக்கே கை நடுங்கும் அளவுக்குக் கோபமோ இயலாமையோ வந்தால் குழந்தையைப் பாதுகாப்பான படுக்கையில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, அறையைவிட்டு ஐந்து, பத்து நிமிடம் வெளியே போங்கள். அதற்குள் வேறொருவரை அழையுங்கள். ஒருபோதும் குலுக்கக் கூடாது. சில நொடிக் குலுக்கல் மூளைக்குள் இரத்தக்கசிவை உண்டாக்கிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் கனத்துக் கிடந்து, குழந்தையின் எந்த முகமும் உங்களைத் தொடவில்லை என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். பேறுகால மனச்சோர்வு சிகிச்சையில் குணமாகும் நோய்.

சரியாக வாசிக்கிறோமா?

சந்தேகத்தைத் தீர்ப்பது டயபர். முதல் நாள் ஒரு முறை சிறுநீர், இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று ஏறி, ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தார்போல் கறுத்த மலம் மூன்றாம் நாளையொட்டிப் பச்சையாகி, ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாக மாறும். எடை முதல் நாட்களில் குறையும். பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பாவிட்டாலோ பால் குடிப்பதை யாராவது நேரில் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

ஒரு தாளில் எழுந்த நேரம், கண்ட குறி, செய்தது, குழந்தையின் பதில் என்று நாலு கட்டம் போட்டு இரண்டாம் வாரத்தில் மூன்று நாள் எழுதுங்கள். அதற்கு மேல் எழுதினால் கண் தாளில் இருக்கும், குழந்தையிடம் இருக்காது.

“சமர்த்துக் குழந்தை, அழவே அழாது” என்ற பாராட்டை முதல் இரண்டு வாரத்தில் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். மஞ்சள் காமாலை ஏறிய குழந்தையும் பால் போதாத குழந்தையும் தூங்கிக்கொண்டே இருக்கும், கேட்கத் தெம்பிருக்காது. பிறந்த எடையை எட்டும்வரை பகலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கவிடாமல் எழுப்பிக் கொடுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் குறிகள் மங்கலாக, சட்டென்று மாறக்கூடியதாக இருக்கும், “போதும்” சீக்கிரம் வரும். அதன் வயதைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணிப் பாருங்கள்.

கீழ்க்கண்டவை வாசித்துக்கொண்டிருக்க வேண்டிய செய்திகள் அல்ல, எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டியவை: வெப்பம் 38 டிகிரி செல்சியஸ் அல்லது மேல், 36.5-க்குக் கீழே இறங்கித் தோலோடு தோலாக அணைத்தும் ஏறாமல் இருப்பது, அமைதியாக இருக்கும்போதே மூச்சு நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டுவது, நெஞ்சு உள்வாங்குவது, பால் குடிக்க மறுப்பது, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, பச்சை நிற வாந்தி, முதல் 24 மணி நேரத்தில் மஞ்சள் நிறம், அல்லது எப்போதானாலும் உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாவது, வழக்கத்துக்கு மாறாகக் கீச்சென்று ஒலிக்கும் அழுகை.

ஆறாம் வாரத்துக்குப் பிறகு

ஆறு முதல் எட்டு வாரத்தில் உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும். தூக்கத்தில் வந்த சிரிப்பைப் போலன்றி இதில் கண்ணும் சிரிக்கும். “ங்ஙா”, “ஆ” என்று தொண்டையிலிருந்து ஒலி வரும். அமைதியான விழிப்பில் இருக்கும்போது ஒன்றைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். குழந்தை முதலில் உதட்டைக் குவிக்கும், கால் உதைக்கும், பிறகே ஒலி வரும். பெரும்பாலோர் மூன்றாவது நொடியிலேயே மறுபடி பேசிவிடுவதால் அந்தப் பதிலைக் கேட்காமலே போய்விடுகிறார்கள். ஒலி வந்ததும் அதே ஒலியைத் திருப்பிச் சொல்லுங்கள், மறுபடி காத்திருங்கள். பார்வை விலகினால் அன்றைக்குப் பேச்சு முடிந்தது.